ஃபெஸ்ஸுஸ் என்றால் களைத்தவன்

இயேசு மரி சூசை துணை

குருமடம், பினாங்கு
1928 செப்டம்பர் 9

அன்புள்ள அக்கா சூசையம்மாளுக்குத் தம்பி ரபேல் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா, உன் இருமல் நின்றதா என்று எழுது.

நான் எழுதுகிற கடிதமும் எனக்கு வருகிற கடிதமும் பெரிய சாமியார் கையைத் தாண்டித்தான் போகும், வரும். இங்கே எல்லாருக்கும் உள்ள சட்டம் அது. அவர் பிரெஞ்சுக்காரர், ஆனால் புதுச்சேரிப் பக்கம் பல வருஷம் இருந்தவர். நம் எழுத்தை நம்மைவிட வேகமாக வாசிப்பார். அதனால் வீட்டுக்கு என்ன எழுதுவது என்று யோசித்து யோசித்து, கடைசியில் பாடத்தையே எழுதுகிறேன்.

பரீட்சையில் தவறிவிட்டதால் என்னை மறுபடியும் கீழ் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள். மீசை முளைத்தவன் நான் ஒருவன்தான், மற்றதெல்லாம் பொடியன்கள். இந்த வாரம் லத்தீனில் பெயரோடு சேர்ந்து வருகிற அடைச்சொல் பாடம். 'ஃபெஸ்ஸுஸ்' என்று ஒரு சொல். களைத்த, அலுத்துப்போன, ஓய்ந்துபோன என்று அர்த்தம். வழி நடந்தோ வேலை செய்தோ, இனி ஒரு எட்டு வைக்க முடியாது என்று நிற்கிறானே, அவனுக்குச் சொல்வது. சோம்பேறிக்கு இது பொருந்தாது என்று வாத்தியார் சாமியார் சொன்னார். களைத்தது ஆணானால் ஃபெஸ்ஸுஸ், பெண்ணானால் ஃபெஸ்ஸா, இரண்டும் இல்லாததானால் ஃபெஸ்ஸும். சொல்லின் வாலைப் பார்த்தே யாருடைய களைப்பு என்று கண்டுபிடித்துவிடலாம்.

வகுப்பு முழுக்கச் சேர்ந்து இதைக் கத்த வேண்டும். பொடியன்கள் உற்சாகமாகக் கத்துகிறார்கள்.

அம்மாவுக்கு என் தோத்திரம் சொல்.

தம்பி
ரபேல்


ஆத்தோரத் தோட்டம், சிகாமட்
1928 அக்டோபர் 14

மகா வணக்கத்துக்குரிய தம்பி சாமி அவர்களுக்கு, சூசையம்மாள் தோத்திரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கு எல்லாரும் நலம், தாங்களும் அவ்விதமே இருக்க மாதாவை வேண்டுகிறோம். இருமல் காலையில் மட்டும்தான் வருகிறது. அம்மாவின் கால் வெயில் ஏறினால் வீங்கும், இறங்கினால் வடியும்.

தாங்கள் தாங்கள் என்று எழுதுகிறேனே என்று சிரிக்க வேண்டாம். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, எழுதினதை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள். 'நீ' என்று வாசித்தவுடன் கையில் ஓர் அடி. "சாமியாராவப் போறவங்கள நீ வா போன்னு எழுதுவியாடி? நரகத்துக்குத்தான் போவே" என்கிறாள். தன் பங்குக்கு ஏதாவது சொல்லி அனுப்பு என்றால் மட்டும் வாய் திறக்க மாட்டாள். "அந்தோணியாருக்குன்னு குடுத்தாச்சு. குடுத்த பொருளுகிட்ட எனக்கென்ன பேச்சு?" என்பாள். பிறகு அடுப்புப் பக்கம் போய், "சாமி நேரத்துக்குச் சாப்புடுறாங்களான்னு நீ கேக்குறாப்புல கேளு" என்பாள். ஆகையால் நான் கேட்கிறாற்போல் கேட்கிறேன்.

தாங்கள் எழுதிய லத்தீன் சொல்லைப் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவுக்குச் சொன்னேன். அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள், ஆனாலும் தங்கள் கடிதம் வந்தால் முதலில் வந்து குந்திவிடுவாள். "அலுப்புலகூடவா ஆம்பள பொம்பள?" என்று வாயைப் பிளந்தாள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. களைத்த ஆள், களைத்த பெண், களைத்த மாடு, எல்லாவற்றுக்கும் ஒரே 'களைத்த'தான். காலையில் பெரட்டுக்கு வரிசையில் நின்று கங்காணி பேர் கூப்பிடும்போது பாருங்கள், யாருடைய களைப்பு எது என்று பிரிக்கவே முடியாது.

சென்ற ஞாயிறு தங்காக்கிலிருந்து சில பேர் வந்தார்கள். துணிக்கடையில் தையல் போடுகிற குடும்பம், நம் வேதக்காரர்கள்தான். சும்மா அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தங்கள் ஜெபத்தை நாடும்
சூசையம்மாள்


இயேசு மரி சூசை துணை

குருமடம், பினாங்கு
1928 நவம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு, ரபேல். சுகமாக இருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். அதைக் கேட்டவருக்குச் சொல்லிவிடு. பெரட்டுக்குப் போகும்போது நெஞ்சில் துணியைச் சுற்றிக்கொண்டு போ.

என்னைத் தாங்கள் என்று எழுதாதே அக்கா. உன் காலில் விழுந்து கேட்கிறேன். இங்கே என்னைத் தமிழில் நீ என்று கூப்பிட ஆளே இல்லை. உன் கடிதத்தை வாசித்தபோது வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டேனோ என்று இருந்தது.

என் பக்கத்துக் கட்டிலில் ஒரு பர்மாக்காரன். அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது. சீனன், சயாம்காரன், அன்னாம்காரன் எல்லாருக்கும் இங்கே லத்தீன்தான் பொதுப் பேச்சு. சாயங்காலம் காய்கறித் தோட்டத்தில் மண் கொத்திவிட்டு வரும்போது "ஃபெஸ்ஸுஸ்?" என்பான். நானும் "ஃபெஸ்ஸுஸ்" என்பேன். அதற்கு மேல் பேச எங்கள் இருவருக்கும் லத்தீன் போதவில்லை.

வெள்ளையம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் சொல். 'களைத்த தம்பியைக் கண்டேன்' என்றால், நமக்கு ஐ தம்பியோடு மட்டும் ஒட்டும். லத்தீனில் அந்தக் களைப்பும் அதே வேற்றுமையைச் சுமக்க வேண்டும். தம்பிக்கு, தம்பியால், தம்பியோடு என்று அவன் எங்கே போனாலும் களைப்பும் உடையை மாற்றிக்கொண்டு பின்னாலேயே போகும். பல பேர் களைத்திருந்தால் அதற்கு வேறு வால். ஆணும் பெண்ணும் கலந்திருந்தால் ஆண்பாலில்தான் சொல்ல வேண்டும், ஃபெஸ்ஸி.

தங்காக்கிலிருந்து எதற்கு வந்தார்கள்? அம்மாவைப் பார்க்க யாரும் தங்காக்கிலிருந்து வருவதில்லையே. உண்மையை எழுது.

தம்பி
ரபேல்


ஆத்தோரத் தோட்டம், சிகாமட்
1929 ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், அதைத்தான் முதலில் எழுத வேண்டும். புது வருஷ ஆசீர்வாதம் உனக்கு உண்டாகட்டும். அம்மா நனைந்த பாய்களைக் காயப்போடப் போயிருக்கிறாள், ஆகையால் நீ என்றே எழுதுகிறேன்.

ஆறு ஏறிவிட்டது. தண்டவாளம் முழுகி, ரயிலும் இல்லை, தபாலும் இல்லை. கீழ் லயத்து வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். எல்லாரும் ரப்பர் காயவைக்கிற புகைக்கூடத்து மேட்டில்தான் கிடந்தோம். அரிசியும் சட்டியும் நான் எடுத்து வந்தேன். அம்மா என்ன எடுத்தாள் தெரியுமா? ஆட்டை. அந்த வீங்கிய காலோடு அதைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் வந்தாள். விடு அம்மா என்று கத்தினேன். "எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதாண்டி" என்றாள். அது நிஜம்தான், அவளுக்கென்று வேறு என்ன இருக்கிறது? குட்டியிலிருந்து கஞ்சித் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. பேர்கூட வைக்காமல் 'ஏய்' என்றே கூப்பிடுவாள், அதுவும் வரும்.

தண்ணீர் வடிந்தபோது, "சாமி அங்க முட்டி போட்டு நின்னாங்க, அதான் நாம பொழச்சோம்" என்று மேட்டில் இருந்த எல்லாரிடமும் சொன்னாள். இப்போது தோட்டத்தில் பாதிப்பேர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

நீ எழுதின சட்டம் வெள்ளையம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை. எனக்கும்தான். ரப்பர் மரத்தில் பால் வெட்டி வாளி தூக்குவது முப்பது பொம்பளை, நடுவில் குடை பிடித்து நிற்பது ஒரு கங்காணி. அவன் ஒருவன் நிற்பதற்காக எங்கள் அலுப்பையும் ஆம்பளை அலுப்பாக எழுதுவார்களாமா? உன் வாத்தியார் சாமியாரை ஒருநாள் இங்கே வாளி தூக்கச் சொல்.

வெள்ளத்துக்குப் பிறகு, பால் பிடிக்கிற மங்குகளையெல்லாம் சேறு கழுவி மறுபடியும் மரத்தில் கட்டுகிறோம். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை.

உன் பிரியமுள்ள அக்கா
சூசையம்மாள்


பினாங்கு
1929 பிப்ரவரி 17

அக்கா,

இந்தக் கடிதம் பெரிய சாமியார் பார்க்காதது. மடத்துக்கு அரிசி மூட்டை கொண்டு வருகிற சீனரிடம் கொடுத்து டவுனில் போடச் சொல்கிறேன். உன் சுகத்தைக் கேட்காமல் ஆரம்பித்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

வெள்ளத்தன்று நான் உங்களுக்காக ஜெபிக்கவில்லை. வெள்ளம் வந்ததே எனக்குத் தெரியாது. முழங்காலில் இருந்தேன், அது உண்மை. தினமும் இருக்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை. மணி அடித்தால் எழுகிறேன், மணி அடித்தால் உட்காருகிறேன், வாய் அதுபாட்டுக்குச் சொல்கிறது. ஆண்டவரை நான் விட்டுவிடவில்லை, கெட்ட பழக்கமும் கிடையாது. ஆனால் எனக்குச் சாமியாராக மனசு இல்லை அக்கா. இங்கே மற்றவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். அவர்களும் களைக்கிறார்கள், ஆனால் தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிறது. எனக்குத் தூங்கினாலும் போகவில்லை.

என்னை யாரும் கேட்கவில்லையே. நமக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் செத்து, நடுவில் பிறந்தவையும் செத்து, நீ ஒருத்தி தங்கினாய். நான் வயிற்றில் இருக்கும்போது அம்மா அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள். அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் கொடுத்த பொருளுக்கு வாய் இருக்கிறது என்று ஒருவரும் நினைக்கவில்லை.

நான் வீட்டுக்கு வரட்டுமா? பால் மரம் வெட்டுகிறேன், தோட்டத்துக் கிராணிக்குக் கணக்கு எழுதுகிறேன், எதுவானாலும் சரி. நீ வரச் சொன்னால் வருகிறேன்.

ரபேல்


இயேசு மரி சூசை துணை

குருமடம், பினாங்கு
1929 ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும் ரபேலின் பாஸ்கா வாழ்த்து. நான் நலம். உங்கள் நலம் அறிந்து நாளாகிவிட்டது. தபால் தவறியிருக்கலாம்.

பாடம் நடக்கிறது. அதே அடைச்சொற்களைத்தான் இன்னும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். பர்மாக்காரன் மேல் வகுப்புக்குப் போய்விட்டான், கட்டிலையும் மாற்றிவிட்டார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

ரபேல்


ஆத்தோரத் தோட்டம், சிகாமட்
1929 ஏப்ரல் 28

தம்பி ரபேலுக்கு அக்கா எழுதுவது. நீ நலமில்லை என்று தெரியும், ஆகையால் கேட்கவில்லை. பெரிய சாமியாருக்கும் தோத்திரம். சாமி, இதைத் தாங்கள் வாசிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். என் தம்பி ஒளித்து எழுதினான், எனக்கு ஒளிக்கத் தெம்பில்லை. அவனுக்கு அங்கே இருக்க மனசில்லை. தாங்கள் அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ரபேல், உன் கடிதம் தவறவில்லை. கோபத்தில் இருந்தேன். உனக்கு மட்டும்தான் களைப்பா என்று இருந்தது. தங்காக்கிலிருந்து வந்தவர்கள் என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள். மாப்பிள்ளை நல்ல மாதிரி, அதிகம் பேசவில்லை, எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவை இந்தக் காலோடு தனியே விட்டுவிட்டு எப்படிப் போவேன்? மகனைத்தான் கோவிலுக்குக் கொடுத்தாயிற்றே. முடியாது என்று சொல்லி அனுப்பினேன். நீ சாமியாராகி வந்து முதல் பூசை வைக்கும் நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னையே சமாதானம் பண்ணிக்கொண்டேன். அப்போதுதான் உன் கடிதம் வந்தது. அடுப்பில் போட்டேன், பாதி எரிந்ததும் எடுத்தேன்.

தங்காக்குக்கு இப்போது எழுதுகிறேன் என்று ஆரம்பிக்காதே. அவருக்குக் கலியாணம் ஆகிவிட்டது.

கோபம் இப்போது ஓய்ந்துவிட்டது. கோபப்படவும் உடம்பில் சத்து வேண்டும் போலிருக்கிறது. அம்மாவிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "கோவில்ல குடுத்தத திருப்பி எடுத்தா, அந்தோணியாரு உசுர எடுத்துக்குவாரு. அவங்க எங்கயாச்சும் உசுரோட இருக்கட்டும்டி, எனக்கு அது போதும்" என்று சொல்லி அழுதாள். அவளுக்கு உன்னைச் சாமியாராகப் பார்க்கும் பெருமை இல்லை ரபேல், நான்தான் அப்படி நினைத்திருந்தேன். அவளுக்கு இருப்பது பயம்.

நம் லயத்தில் பிள்ளையை நேர்ந்துகொள்ளாத தாய் யார்? எல்லாரும் அந்தோணியார் திருநாளன்று குழந்தையைச் சுரூபத்தின் காலடியில் கிடத்துவார்கள். உபதேசியார் கோழி, தேங்காயோடு அதையும் ஏலம் கூறுவார். பெற்றவர்கள் முதல் விலை கேட்பார்கள், வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ஒரு படி அரிசிக்குப் பிள்ளை திரும்பி வீட்டுக்கு வந்துவிடும். நேர்ச்சையும் தீர்ந்தது, பிள்ளையும் தங்கியது. அம்மா மட்டும்தான் உன்னை ஏலம் கூற விடவில்லையாம். ஏலத்தில் எடுத்த பிள்ளை ஒன்று அந்த வருஷம் செத்துப்போயிருந்ததாம், அந்தப் பயம்.

பார்க்கிறேன். என்ன பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா
சூசையம்மாள்


இயேசு மரி சூசை துணை

குருமடம், பினாங்கு
1929 மே 19

அன்புள்ள அக்காவுக்கு, உடம்பைப் பார்த்துக்கொள். நான் இருக்கிறேன்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய சாமியார் என்னைக் கூப்பிட்டார். "இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றார். பயம் என்றேன். கோபிக்கவில்லை. "உன்னைக் கட்டிப்போட இங்கே கயிறு இல்லை, ரபேல். மனசில்லாதவன் பீடத்தில் நிற்பதை ஆண்டவரும் கேட்கவில்லை. ஆனால் உன் தாய் ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறாள். அவளை அழவிட்டுப் போனால் அந்த வீட்டில் உனக்குத் தூக்கம் வராது. அவள் மனசோடு கூப்பிட்டால் போ" என்றார். களைப்பு பாவமா என்று கேட்டேன். "நானும் களைத்தவன்தான்" என்று லத்தீனில் சொன்னார்.

தங்காக்கு சமாசாரத்தை வாசித்த பிறகு உன்னிடம் எதையும் கேட்க எனக்கு முகம் இல்லை. அம்மா கூப்பிட மாட்டாள். அவளைப் படுத்தாதே. இங்கேயே இருந்துவிடுகிறேன், பழகிப் போகும்.

தம்பி
ரபேல்


ஆத்தோரத் தோட்டம், சிகாமட்
1929 ஜூன் 18

அன்புள்ள தம்பி ரபேலுக்கு அக்கா அவசரமாக எழுதுவது. நலம் எல்லாம் பிறகு. ஞாயிற்றுக்கிழமை அந்தோணியார் திருநாள் நடந்தது. மூவாரிலிருந்து சாமியார் வந்து பூசை வைத்தார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், சிரிப்பதா அழுவதா என்று நீயே பார்த்துக்கொள்.

அம்மாவின் பெட்டிக்கு அடியில், நீ குழந்தையாக இருந்தபோது போட்ட வெள்ளைச் சட்டை ஒன்று இருந்தது. அவளுக்குத் தெரியாமல் அதை எடுத்து உபதேசியார் சந்தியாகு கையில் கொடுத்தேன். "ஆளு பினாங்குல இருக்கையில சட்டைய எப்படிம்மா ஏலம் கூறுறது? இப்படி எங்கயும் நடந்ததில்ல" என்று தலையைச் சொறிந்தார். "கைக்குழந்தையா இருந்தப்ப கூறாதத இன்னிக்குக் கூறுங்க. பெத்த வீட்டுலேர்ந்து நான் கேக்குறேன்" என்றேன். மூவார் சாமியாரைப் போய்க் கேட்டார். சாமியார் காபி குடித்துக்கொண்டே, அது உங்கள் வழக்கம், உங்கள் பாடு என்று சொல்லிவிட்டாராம்.

நான் போட்ட கணக்கு சுலபமானது. ஒரு கோழி கேட்பேன், யாரும் வாய் திறக்க மாட்டார்கள், உன்னை நான் எடுத்துவிடுவேன், பிறகு அம்மாவின் காலைப் பிடித்துக்கொள்வேன்.

தேங்காய் போயிற்று, வாழைத்தார் போயிற்று. உபதேசியார் சட்டையைத் தட்டில் வைத்துத் தூக்கினார். "கீழ் லயத்து ரபேல். அந்தோணியாருக்கு நேர்ந்த பிள்ள. கேக்குறவங்க கேக்கலாம்."

அம்மா பாயிலிருந்து எழுந்துவிட்டாள். பேர் அவள் காதில் ஏறவில்லை, சட்டையைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஒரு கோழி" என்றேன்.

"யாருடி அது? சாமி பொருள ஏலம் விடுறது யாருடி?" என்று கத்தினாள். உபதேசியார் அவளைப் பார்க்காமல், "ஒரு கோழி, ஒருதரம்" என்றார். அம்மாவுக்கு ஒன்றுதான் தெரிந்தது, என் கையில் நீ வந்துவிடக் கூடாது. "ரெண்டு கோழி!" என்றாள்.

வெள்ளையம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "விடாத, கேளு."

"ரெண்டு கோழி, ஒரு சேவல்."

"மூணு கோழி, ஒரு சேவல்!" எங்கள் வீட்டில் இருப்பதே நாலு உருப்படி, அதையே இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் என் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பித்தளைக் குடத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்த மாதிரி அவள் என்னைப் பார்த்ததே இல்லை. "என் ஆடு" என்றாள்.

எனக்கு ஆடு கிடையாது ரபேல். அதற்கு மேல் கேட்க இந்த உலகத்தில் என்னிடம் ஒன்றுமே இல்லை. வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. உபதேசியார் எனக்காகக் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, "ஓர் ஆடு, ஒருதரம். ஓர் ஆடு, ரெண்டுதரம். மூணுதரம்" என்று சொல்லிவிட்டார். போயிற்று என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா நேரே போய்ச் சட்டையைத் தட்டிலிருந்து எடுத்தாள். மறுபடியும் சுரூபத்தின் காலடியில் வைக்கக் குனிந்தாள். உபதேசியார் கையை நீட்டித் தடுத்தார்.

"வைக்கக் கூடாதும்மா."

"ஏன்? நாந்தான எடுத்தேன்?"

"அதான் வைக்கக் கூடாது. ஏலத்துல எடுத்தத அந்தோணியாரு மறுபடி வாங்க மாட்டாரு. எடுத்தவங்க வீட்டுக்குக் கொண்டு போவணும். இத்தன வருஷமா இங்க அப்படித்தான். புள்ள இப்ப உங்க புள்ளம்மா."

அப்போதுதான் அவளுக்குத் தான் செய்தது என்ன என்று உறைத்தது. என்னிடம் போகக் கூடாதென்று பிடித்து இழுத்து, தானே உன்னைக் கோவிலிலிருந்து வாங்கிவிட்டாள். சட்டையை மாரில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். வெள்ளையம்மா வந்து கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ஆட்டைக் கோவில் ஆட்கள் அன்றைக்கே அவிழ்த்துக்கொண்டு போனார்கள். "ஏய், ஏய்" என்று இரண்டுமுறை கூப்பிட்டாள், அது திரும்பிப் பார்த்தது.

அதிலிருந்து என்னிடம் பேசவில்லை. சட்டையையும் கீழே வைக்கவில்லை. வழக்கப்படி நீ இப்போது எங்களுடையவன். கிளம்பி வா.

அக்கா
சூசையம்மாள்


இயேசு மரி சூசை துணை

குருமடம், பினாங்கு
1929 ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு, ரபேல். உன் இருமலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போ. இந்த ஒன்றையாவது எனக்காகச் செய்.

உன் கடிதத்தைப் பெரிய சாமியார் வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்ன சொல்கிறீர்கள் சாமி என்று கேட்டேன். "இதற்கு என்னிடம் புத்தகம் இல்லை" என்றார்.

நான் வரவில்லை அக்கா. உபதேசியார் தீர்ப்பை வைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குள் நுழைய என்னால் முடியாது. அவள் ஏமாந்துபோய் எடுத்தாள். தன் வாயால் அவள் ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே ரயில் ஏறுவேன். சொல்லாவிட்டால் இங்கே இருக்கிறேன். எனக்காக ஒரு தடவை உன் குடத்தை வைத்துக் கேட்டாய், அதுவே எனக்குப் போதும்.

ஆட்டுக்காக அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

தம்பி
ரபேல்


ஆத்தோரத் தோட்டம், சிகாமட்
1929 ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், கசக்கிறது.

உன் கடிதம் வந்தபோது அம்மா ஆடு கட்டுகிற முளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆடு போன நாளிலிருந்து அவள் இடம் அதுதான். கேட்டாலும் கேட்காவிட்டாலும் சரி என்று உரக்க வாசித்தேன். 'நான் வரவில்லை' என்ற இடம் வந்ததும் தலையைத் தூக்கினாள்.

"என்னது? வரமாட்டானாமா?"

எனக்கு மீதி எழுத்துத் தெரியவில்லை, கண் மறைத்துவிட்டது. வரமாட்டாங்களாமா என்று அவள் கேட்கவில்லை ரபேல். நீ அந்த மடத்துக்குப் போனதிலிருந்து உன்னை அவன் என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

எழுந்து உபதேசியார் வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். வாசலில் நின்று, "அந்தோணியாருக்கு ஓர் ஆடு போதுமாய்யா? பின்னாடி கோவப்பட மாட்டாருல்ல?" என்று கேட்டாள். அவர், "ஆட்டுக்கு ஒத்துக்கிட்டுத்தானம்மா குடுத்தாரு" என்றார். திரும்பி வரும்போது வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்கு வந்ததும் உன் பாயை எடுத்து உதறினாள். பிறகு என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எழுதுடி. நான் சொல்றத அப்படியே எழுதணும். ஓர் எழுத்து மாத்தக் கூடாது" என்றாள். இனி வருவதெல்லாம் அவள் வார்த்தை.

டேய் ரபேலு. பெத்தது ஒரு தடவ, வாங்குனது ஒரு தடவ, ரெண்டு தடவ நீ எனக்குப் புள்ள. தெரியாம எடுத்தாலும் நாந்தான் எடுத்தேன். இனிமே எவனுக்கும் குடுக்க மாட்டேன். ஆடு போனதுக்கு நீ ஒண்ணும் மன்னிப்புக் கேக்க வேணாம். கெளம்பி வாடா. வந்து யாருக்கும் பதில் சொல்லாத, எங்கயும் முட்டி போடாத. பாய் போட்டு வச்சிருக்கேன். படுத்துத் தூங்கு.